ஜரீனாவின் ஆறிய கால்

குண்டூசி எப்போது குத்தியது என்று ஜரீனாவுக்குத் தெரியாது. காலையில் கடை திறந்ததும் வாசலில் நிற்கும் பொம்மைக்குச் சேலை கட்டி, மடிப்புகளை ஊசி குத்தி நிறுத்தினாள். அப்போது ஒன்று கீழே விழுந்திருக்கலாம். அது செருப்பின் மெல்லிய அடியைத் துளைத்துப் பாதத்துக்குள் இறங்கியிருந்தது. அன்று முழுவதும் அந்த ஊசியின் மேல் நின்றபடியே அவள் பதினெட்டுச் சேலைகள் விற்றாள். சாயங்காலம் தோ பாயோ வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் அது காலோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. தரையில் இரத்தத் தடத்தை முதலில் பார்த்தவள் மகள் முனீராதான்.

"ம்மா, வலிக்கலையா?"

"எங்க?" என்று கேட்டாள் ஜரீனா.

அப்போது அவளுக்கு ஐம்பத்தேழு வயது. ஃபேரர் பார்க் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடையில் இருபத்திரண்டு வருடங்களாக இருந்தாள். அங்கே வேலை செய்தாள் என்பதைவிட நின்றாள் என்பதே சரி. பத்து மணி நேரம் நின்று, அலமாரியிலிருந்து சேலைகளை இறக்கி, விரித்து, மறுபடி மடித்து அடுக்க வேண்டும். உள்ளே வருகிறவரின் முகத்தைப் பார்த்தே எந்த நிறத்தை எடுத்துப் போடலாம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். கணவர் இறந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்து பதினைந்து வருடம். மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை. பாதங்கள் மரத்துப்போய் வெகுகாலமாகியிருந்தும், வலி இல்லாததை அவள் ஆரோக்கியம் என்று எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஊசி போன இடம் புண்ணாயிற்று. கட்டைவிரலுக்குக் கீழே, நடக்கும்போது உடம்பின் பாரமெல்லாம் விழுகிற இடம். பலதுறை மருந்தகத்தில் கட்டுப் போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். நான்கு மாதமாகியும் மூடவில்லை. ஐம்பது காசு நாணயத்தின் அகலத்துக்குச் சிவந்து, ஓரமெல்லாம் தோல் தடித்து அப்படியே இருந்தது. அவர்கள் பெரிய மருத்துவமனையின் கால் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கேதான் நிரஞ்சனாவைச் சந்தித்தாள்.

நிரஞ்சனா ஆராய்ச்சிப் பிரிவின் தாதி. முப்பது வயது இருக்கும். இனிப்புநீர்ப் புண்ணுக்கு ஒரு புதிய ஜெல்லைச் சோதித்துப் பார்க்கிறார்கள், பன்னிரண்டு வாரம், விருப்பமிருந்தால் சேரலாம் என்றாள். தமிழில் அச்சிட்ட படிவத்தை எடுத்துப் பக்கம் பக்கமாக வாசித்துக் காட்டினாள். அந்தத் தமிழ் இருவருக்குமே பாதிதான் புரிந்தது. அதனால் படிவத்தை மூடி வைத்துவிட்டு வாயால் சொன்னாள்.

"ஆன்ட்டி, இது இன்னும் டெஸ்ட்ல இருக்கிற மருந்து. ரெண்டு குரூப் இருக்கும். ஒரு குரூப்புக்கு மருந்து கலந்த ஜெல். இன்னொரு குரூப்புக்கு வெறும் ஜெல், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உங்களுக்கு எது வரும்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர்தான் முடிவு பண்ணும். ஓகேவா?"

"ஓகேலா."

"டியூப்பை வேற யாருக்கும் குடுக்கக் கூடாது. அது ரொம்ப முக்கியம்."

"நான் யாருக்கும்மா குடுக்கப்போறேன்" என்று சொல்லி ஜரீனா கையெழுத்துப் போட்டாள்.

வாரம் ஒருமுறை போக வேண்டும். ஓரத்துத் தோலைக் கத்தியால் சீவிச் சுத்தம் செய்வார்கள். அளவெடுப்பார்கள், படம் பிடிப்பார்கள். பழைய டியூப்பை வாங்கி எடைபோட்டுக் குறித்துக்கொண்டு புதியதைக் கொடுப்பார்கள். முழங்கால்வரை ஏறும் கனமான ஒரு பூட்ஸும் கொடுத்தார்கள். புண்ணின் மேல் பாரம் விழாமல் அது தாங்கும். அதைப் போட்டிருந்தாலும் நிற்கக் கூடாது, முடிந்தவரை உட்கார்ந்தே இருக்க வேண்டும் என்றார்கள். கடைக்காரர் தங்கராஜுவிடம் போய் இதைச் சொன்னபோது அவர் கல்லாவைவிட்டு எழாமலே பதில் சொன்னார்.

"உட்காருற வேல நம்ம கடையில ஏது, அக்கா? மூணு மாசம் வீட்ல இருங்க. அப்புறம் பாப்போம்."

இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக ஜரீனா வீட்டில் உட்கார்ந்தாள்.

அவளுக்கு ஒரே தம்பி, அஸ்மத். நான்கு வயது இளையவன். பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனைச் சந்தையிலிருந்து உணவுக்கடைகளுக்குக் காய்கறி ஏற்றிப்போகும் லாரியை ஓட்டினான். மனைவி பிரிந்து ஜொகூருக்குப் போய்ப் பல வருடமாகிவிட்டது. கிளமெண்டியில் ஓரறை வாடகை வீட்டில் தனியாக இருந்தான். அவனுக்கும் இனிப்புநீர் உண்டு, போதாதற்குச் சிகரெட்டும். கனமான வேலைச் சப்பாத்து உரசி இடது காலின் சுண்டுவிரலில் அவனுக்கு ஒரு புண் இருந்தது. அக்காள் சேர்ந்திருக்கும் சோதனையில் தானும் சேரலாமே என்று அவனும் மருத்துவமனைக்கு வந்தான்.

நிரஞ்சனா அவன் கையிலும் கணுக்காலிலும் பட்டை சுற்றி இரத்த அழுத்தத்தைப் பார்த்தாள். இரண்டாவது முறையும் பார்த்தாள். பிறகு டாக்டரைக் கூப்பிட்டாள். அஸ்மத்தின் இடது காலுக்கு இரத்தம் போதிய அளவு போகவில்லை, அதனால் அவனைச் சேர்க்க முடியாது என்று டாக்டர் சொன்னார். எந்த மருந்தைப் பூசினாலும் பயனில்லை. முதலில் அடைத்திருக்கும் குழாயைத் திறக்க வேண்டும். இரத்தக்குழாய் நிபுணரிடம் ஐந்து வாரத்தில் ஒரு நாள் குறித்துக் கொடுத்தார்கள்.

"தொடையில ஓட்ட போட்டு உள்ள பலூன் விடுவாங்களாம் லாத்தா" என்று ரயிலில் வரும்போது அஸ்மத் அக்காளிடம் சொன்னான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் கம்பியைப் பிடித்திருந்த கையை இறங்கும்வரை எடுக்கவில்லை.

மூன்றாவது வாரம் ஜரீனாவின் புண் சுருங்கத் தொடங்கியது. நான்காவது வாரம் பாதியாயிற்று. நிரஞ்சனா படங்களைக் கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். இரண்டு குழு, வெறும் ஜெல், கணினி முடிவு செய்யும் என்றதெல்லாம் ஜரீனாவின் மனதிலிருந்து அன்றோடு போய்விட்டது. ஒன்றுமில்லாததைப் பூசினால் புண் ஆறுமா என்ன. தனக்கு வந்தது மருந்துதான். கண்ணால் பார்க்கிறாளே.

அந்த ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு கிளமெண்டிக்குப் போனாள். அஸ்மத்தின் விரல் பக்கத்து விரலோடு சேர்ந்து வீங்கியிருந்தது. கட்டுத்துணியில் மஞ்சளாக ஈரம். அவன் தொலைக்காட்சியில் பந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு, "இது எப்பவும் இப்டித்தான்" என்றான். வீட்டுக்குத் திரும்பியதும் ஜரீனா ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியைக் கொதிக்கிற நீரில் போட்டெடுத்து உலரவைத்தாள். புதிய டியூப்பில் பாதியை அதில் பிதுக்கினாள். மீதிப் பாதியைத் தன் காலுக்கு மெல்லிசாகப் பூசிக்கொண்டாள். டியூப் முழுவதும் காலியாகத்தான் திரும்பிப் போயிற்று. எடை சரியாக இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதன்பிறகு வாரத்தில் இரண்டு நாள், அந்தப் பூட்ஸோடு ரயில் மாறிக் கிளமெண்டிக்குப் போனாள். தம்பியின் காலை உப்புநீரில் கழுவி, துடைத்து, தன் விரலாலேயே ஜெல்லைப் பூசிக் கட்டினாள். மற்ற நாட்களில் அவனே பூசிக்கொண்டான். புட்டி அவன் குளிர்பதனப் பெட்டியில், முட்டை வைக்கும் குழியில் இருந்தது.

நிபுணரைப் பார்க்க வேண்டிய நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை எட்டரைக்கு அவளுக்குப் போன் வந்தது.

"லாத்தா, இன்னிக்கு அப்பாயின்மென்ட். போகவா?"

"கால் எப்டி இருக்கு?"

"ஈரம் இல்ல. கொஞ்சம் காஞ்ச மாதிரி இருக்கு."

அவள் யோசித்தாள். அதிக நேரம் யோசிக்கவில்லை என்பதைப் பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டாள். "மருந்து பிடிக்குதுடா. இப்பப் போயி ஏன் தொடையில ஓட்ட போட்டுக்கிற? ரெண்டு வாரம் பார்த்துட்டு வேற தேதி வாங்கிக்கலாம்."

"அப்ப சரி" என்றான். குரலில் நிம்மதி தெரிந்தது. ஜரீனாவுக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

விரல் மேலும் காய்ந்தது. வீக்கம் வற்றியது, நீர் வடிவது நின்றது, தோல் சுருங்கிக் கறுத்தது. புண் ஆறும்போது பொருக்குத் தட்டும் அல்லவா, அதுதான் என்று இருவரும் நினைத்தார்கள். இரத்தம் வராமல் சதை செத்துக்கொண்டிருந்தால் அதுவும் அப்படித்தான் காயும் என்று அவர்களுக்கு யார் சொல்வது? சொல்லக்கூடியவர்களிடமிருந்து அவர்கள் மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

பதினோராவது வாரம் ஜரீனாவின் புண் முழுவதும் மூடியது. நிரஞ்சனா கைதட்டினாள். டாக்டர் வந்து பார்த்து, "வெரி குட், மேடம்" என்றார். ஜரீனா அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிக்கொண்டே வெளியே வந்து, மருத்துவமனை வாசலிலேயே நின்று தம்பியைக் கூப்பிட்டாள். அவன் எடுக்கவில்லை. மறுநாள் மதியம் அவனோடு வேலை செய்கிறவர் அழைத்தார். சந்தையில் லாரியைப் பின்னால் எடுக்கும்போது அஸ்மத்துக்குக் குளிர்காய்ச்சலில் உடம்பு தூக்கிப்போட்டிருக்கிறது. ஆம்புலன்ஸில் ஏற்றிப்போயிருக்கிறார்கள். சப்பாத்தைக் கழற்றியதும் பக்கத்தில் நிற்க முடியவில்லை என்று அந்த ஆள் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

விரலோடு போகும் என்றார்கள். பிறகு பாதத்தோடு என்றார்கள். மூன்றாம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

கட்டிலைச் சுற்றி டாக்டர்கள் நின்றபோது ஜரீனாவும் ஓரமாக நின்றாள். அவர்களில் மூத்தவர் ஆங்கிலத்தில் கேட்டார்: "இரத்தக்குழாய் டாக்டரைப் பார்க்க உங்களுக்குத் தேதி கொடுத்திருந்தோம். ஏன் வரவில்லை?"

அஸ்மத் கூரையைப் பார்த்தான். "மறந்துட்டேன் டாக்டர்."

அது பொய் என்று ஜரீனாவுக்குத் தெரியும். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

ஒற்றைக் காலோடு தனியாக இருக்க முடியாதென்று அவனைத் தோ பாயோவுக்கு அழைத்துக்கொண்டார்கள். சாமான்களை எடுத்துவரக் கிளமெண்டிக்குப் போனவள் முனீரா. அன்று சாயங்காலம் அந்தக் கண்ணாடிப் புட்டியைச் சமையலறை மேசைமேல் வைத்தாள்.

"ம்மா, இது நம்ம வீட்டுப் புட்டி. உள்ள இருக்கிறது என்ன?"

ஜரீனா சொன்னாள். முனீரா குரலை உயர்த்தவில்லை. பக்கத்து அறையில் மாமா இருந்தார்.

"நீங்க என்ன டாக்டரா? மாமா டெஸ்ட்டுக்குப் போனப்ப அவங்க வேணாம்னு சொன்னாங்கல்ல? எதுக்குச் சொன்னாங்கன்னு யோசிக்கவே இல்லையா?"

"எனக்கு ஆறுச்சேம்மா. அவனுக்கும் ஆறும்னு நெனச்சேன்."

முனீரா புட்டியைக் குப்பையில் போட்டுவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. ஜரீனாவுக்கு அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அஸ்மத்தோ அக்காளை ஒரு வார்த்தை குறைசொல்லவில்லை. பார்க்க வருகிறவர்களிடம் அந்த மருந்தைப் புகழ்ந்துகொண்டே இருந்தான். "நான்தான் லேட்டா ஆரம்பிச்சேன். முதல்லயே போட்டிருந்தா கால் இருந்திருக்கும். எங்க லாத்தா காலப் பாருங்க, தழும்புகூட இல்ல." ஜரீனா காலை நீட்டிக் காட்ட வேண்டியிருந்தது. வந்தவர்கள் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்கள். அவள் திரும்பவும் தங்கராஜுவின் கடைக்குப் போய் நிற்க ஆரம்பித்திருந்தாள், அரை நாள் மட்டும். மற்ற அரை நாளுக்கு வேறொரு பெண்ணைப் போட்டுவிட்டார்கள்.

ஒன்றரை வருடம் கழிந்து நிரஞ்சனா கூப்பிட்டாள். சோதனை முழுவதும் முடிந்துவிட்டது, யாருக்கு எது கிடைத்தது என்று இப்போது சொல்லலாம், நேரில் வர முடியுமா என்றாள். ஜரீனா வேலை முடிந்து போனாள்.

"ஆன்ட்டி, ரிசல்ட் எதிர்பார்த்த மாதிரி வரல. மருந்து போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. கம்பெனி இதோட நிறுத்திக்கிட்டாங்க." நிரஞ்சனா ஒரு கடிதத்தை எடுத்து வைத்தாள். "நீங்க ரெண்டாவது குரூப். உங்களுக்கு வந்தது வெறும் ஜெல்."

ஜரீனா கடிதத்தைப் பார்த்தாள். ஆங்கிலத்தில் நான்கு வரி இருந்தது.

"அப்ப எப்டிம்மா ஆறுச்சு?"

"வாராவாரம் க்ளீன் பண்ணோம். பூட்ஸ் போட்டீங்க. நிக்கவே இல்ல. உங்க காலுக்கு இரத்த ஓட்டம் நல்லா இருந்துச்சு. ஒழுங்காப் பார்த்துக்கிட்டா நிறையப் பேருக்கு ஆறிடும் ஆன்ட்டி. எல்லாருக்கும் அந்த மாதிரி பார்த்துக்க முடியறதில்ல, அதான்." அவள் சமாதானமாகச் சிரித்தாள். "உங்களுக்கு ஆறிடுச்சு. அதுதானே முக்கியம்?"

ஜரீனா கடிதத்தை மடித்துக்கொண்டே கேட்டாள். "அந்த வெறும் ஜெல்லை வேற யாராச்சும் போட்டுக்கிட்டா, அதனால கெடுதல் வருமா?"

"அதனால ஒண்ணும் ஆகாது. அதுல ஒண்ணுமே இல்லையே." சொல்லிக்கொண்டே வந்த நிரஞ்சனா நிறுத்தினாள். பட்டை சுற்றிப் பார்த்த அந்தத் தம்பி அவள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "ஏன் ஆன்ட்டி? யார் போட்டா?"

"சும்மாதான் கேட்டேன்" என்று ஜரீனா எழுந்துகொண்டாள். நிரஞ்சனா லிஃப்ட் வரைக்கும் கூடவே வந்தாள். மறுபடி கேட்கவில்லை.

கடிதத்தைத் துணி அலமாரியின் அடியில் வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. தம்பிக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அந்த மருந்துதான், அதையும் எதற்குப் பிடுங்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி வெறும் பயம்.

ஐந்து வாரம் அப்படிப் போயிற்று. அப்புறம் அஸ்மத்தின் வலது குதிகாலில் ஒரு கொப்புளம் உடைந்தது. மருத்துவமனையில் பார்த்துவிட்டு இந்தக் காலிலும் இரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது, தாமதிக்காமல் பலூன் வைத்துத் திறக்க வேண்டும் என்று வியாழக்கிழமைக்கு நாள் குறித்தார்கள். புதன்கிழமை மதியம் முனீரா வேலைக்குப் போயிருந்தாள். அஸ்மத் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தான்.

"லாத்தா, நாளைக்குப் போக வேணாம்னு பார்க்கிறேன். நீ அந்த நர்ஸ்கிட்ட ஒரு டியூப் கேளு. இந்தத் தடவ முதல்லயே ஆரம்பிச்சிடலாம்."

அவள் அடுப்பை அணைத்தாள்.

"நாளைக்கு நீ போகணும் அஸ்மத்."

"மருந்து கெடைக்காதா?"

"அது மருந்தே இல்ல. நான் உனக்குப் போட்டது. எனக்குப் போட்டதும்தான். எனக்கு வந்தது வெறும் ஜெல்லு. கூப்பிட்டுச் சொன்னாங்க."

"எப்ப?"

"அஞ்சு வாரம் ஆச்சு."

அவன் அவள் காலைப் பார்த்தான். "அப்ப ஒனக்கு எப்டி ஆறுச்சு?"

"சுத்தம் பண்ணாங்க. பூட்ஸ் குடுத்தாங்க. நான் உட்கார்ந்திருந்தேன்."

"நீ உட்கார்ந்திருந்த" என்றான் அஸ்மத். "நான் லாரி ஓட்டிக்கிட்டு இருந்தேன்."

வெளியே நடைபாதையில் யாரோ துணி காயப்போடும் கொம்பை இழுக்கும் சத்தம் கேட்டது. அஸ்மத் வீல்சேரைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டான். பேசியபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"மறந்துட்டேன்னு டாக்டர்கிட்ட சொன்னேன். ஒன்ன யாரும் ஒரு சொல் சொல்லிடக் கூடாதுன்னு. நான் மறக்கல லாத்தா. அன்னிக்கு லீவு போட்டிருந்தேன். குளிச்சு, சட்ட மாத்தி, கார்டெல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒனக்கு ஒரு போன் போட்டுட்டுக் கெளம்பலாம்னு."

ஜரீனா அவன் தோளைத் தொடப் போனாள்.

"வேணாம். நீங்க போங்க" என்றான்.

பிறந்ததிலிருந்து அவளை அவன் நீ என்றுதான் கூப்பிட்டிருக்கிறான்.

மறுநாள் முனீரா விடுப்பு எடுத்து அவனை அழைத்துப்போனாள். ஜரீனாவும் தலைத்துணியைப் போர்த்திக்கொண்டு கிளம்பி நின்றாள். முனீரா வந்தால் போதும் என்று சொல்லி அவன் வீல்சேரைத் திருப்பிக்கொண்டான். குழாயைத் திறந்தார்கள். பத்து வாரத்தில் குதிகால் ஆறியது. அந்தப் பத்து வாரமும் வீட்டுக்கு வரும் தாதி கட்டு மாற்றினாள். அவள் வராத நாட்களில் முனீரா மாற்றினாள். ஜரீனா அந்த அறைக்குள் சாப்பாட்டுத் தட்டோடு மட்டும் போய்வந்தாள்.

செயற்கைக் கால் பழகியதும் அஸ்மத் கிளமெண்டிக்கே திரும்பிப் போனான். லாரி ஓட்ட முடியாது. ஒரு கிடங்கில் உட்கார்ந்து ரசீது சரிபார்க்கும் வேலை கிடைத்தது. ஜரீனா போன் செய்தால் எடுப்பான். "சாப்ட்டேன். நல்லா இருக்கேன். நீங்க?" என்பான். பிறகு வைத்துவிடுவான். அவள் கடையில் சேலை விரித்துக்கொண்டிருக்கிறாள். கால் நன்றாகவே இருக்கிறது. தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறாள். ஒரு கீறல்கூடக் கிடையாது. சில நாட்களில் அதைப் பார்க்கவே அவளுக்கு எரிச்சலாக இருக்கிறது.

போன நோன்புப் பெருநாளன்று அஸ்மத் தோ பாயோவுக்கு வந்தான். எல்லோருக்கும் சலாம் சொன்னான், அவளுக்கும் சொன்னான். பிரியாணி நன்றாக இருக்கிறது என்று முனீராவிடம் சொன்னான். சாப்பிட்டுவிட்டு வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து கிளம்பத் தயாரானபோது வலது செருப்பின் வார் மடிந்து குதிகாலை அழுத்திக்கொண்டிருப்பதை ஜரீனா கவனித்தாள். சரிசெய்யலாம் என்று தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அவன் காலை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டான்.

"முனீரா, இங்க கொஞ்சம் வாம்மா" என்று கூப்பிட்டான்.

முனீரா வந்தாள். ஜரீனா எழுந்து அவளுக்கு இடம் விட்டாள்.